தன்னார்வலர்கள் நடத்தும் திறமூலத் திட்டங்களுக்குப் பணம் கொடுப்பதில் என்ன முறை?

நிரல்வாசி

வணக்கம் நண்பர்களே. தினமும் புழங்குகிற ஒரு திறமூல நிரலுக்கு (மூல நிரலை யாரும் பார்க்கலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம்) கொஞ்சம் பணம் அனுப்பலாம் என்று இருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு முழுக்க அந்தத் திட்டத்தின் பக்கம் போய்விடும். படக் கோப்புகளைச் சுருக்கவும் வடிவம் மாற்றவும் உதவுகிற சின்ன நிரல். மூன்று பேர் தங்கள் பிழைப்பு போக மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்கிறார்கள்.

அனுப்பப் போனபோதுதான் வரிசையாகச் சந்தேகங்கள். மூலக் கோப்புகள் இருக்கும் களஞ்சியப் பக்கத்தில் உள்ள ஸ்பான்சர் (நன்கொடை) பொத்தானை அழுத்தினால், திட்டத்தை ஆரம்பித்தவருடைய சொந்தப் பக்கத்துக்குப் போகிறது. ஆனால் சமீப காலமாகக் கமிட் (நிரலில் செய்து பதியும் மாற்றங்கள்) எல்லாம் மற்ற இருவருடையதுதான். யாருக்குக் கொடுப்பது? ஒரே தடவையாகவா, மாதா மாதமா? தொகை சின்னதாக இருந்தால் அவர்களை மட்டமாக நினைத்ததாகத் தெரியுமா? நிரலில் கண்ட பிழையைச் சொல்லி நான் போட்ட வழு அறிக்கை ஒன்று வேறு தீர்க்கப்படாமல் திறந்தபடி கிடக்கிறது. பணத்தோடு போகிற குறிப்பில் அதை ஒரு வரி நினைவுபடுத்தலாமா? எங்கள் அலுவலகத்திலும் இதே நிரல்தான் ஓடுகிறது, ஒரு காசு கொடுத்ததில்லை.

அனுபவம் உள்ளவர்கள், முக்கியமாக வாங்குகிற பக்கம் இருப்பவர்கள், சொல்லுங்கள்.

வழுவேட்டை

ரொம்ப யோசிக்காதீங்க. மனசு வந்தப்பவே அனுப்பிடுங்க. தொகை சின்னதுன்னு யாரும் கோவிச்சுக்கிட்டதா நான் கேள்விப்பட்டதே இல்ல. அப்புறம் அனுப்பலாம்னு விட்டுட்டு மறந்தே போனவங்கதான் அதிகம்.

எழுத்துருப்பித்தன்

வாங்குகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எழுத்துருக் கோப்புகளைப் படிக்கும் ஒரு சிறு நூலகத்தைப் பராமரிக்கிறேன். நன்கொடைக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், அவ்வப்போது வரும்.

நிரல்வாசி, உங்கள் கேள்விகளில் கனமானது அந்த வழு அறிக்கைதான். தயவுசெய்து அதைக் குறிப்பிடாதீர்கள். ஒரு வரி என்றாலும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கு ஒருமுறை இப்படி ஒரு குறிப்போடு பணம் வந்தது: "உங்கள் நூலகம் அருமை. சிறு தொகை அனுப்பியிருக்கிறேன். நான் கேட்ட செங்குத்து எழுத்து வசதி எப்போது வரும்?" மொத்தம் மூன்றே வாக்கியம், அனுப்பியவரும் மரியாதையான மனிதர்தான். ஆனால் மூன்றாவது வாக்கியத்தைப் படித்ததும் முதல் இரண்டும் காணாமல் போய்விட்டன. இனி அந்த வசதியைச் செய்தால் காசுக்காகச் செய்ததாக ஆகும். செய்யாமல் விட்டால் காசை வாங்கிக்கொண்டு டிமிக்கி கொடுத்ததாக ஆகும். அதற்கு முன்னால் அது என் விருப்பப் பட்டியலில் இருந்த வேலை, என்றாவது ஒரு ஓய்வு நாளில் ஆசையாக உட்கார்ந்து செய்திருப்பேன். அந்தக் குறிப்புக்குப் பிறகு அந்தப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. கடைசியில் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் அந்த இஷ்யூவை (களஞ்சியத்தில் அந்தக் கோரிக்கையைப் பதிந்திருந்த பக்கத்தை) திறந்தேன்.

இன்னொரு குறிப்பு வந்தது: "போன வெளியீட்டில் பெரிய கோப்புகள் சட்டென்று திறக்கின்றன. அதைக் கவனித்தேன், நன்றி. பதில் எழுத வேண்டாம்." அந்த வேகத்துக்காக நான் எவ்வளவு மெனக்கெட்டேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். "பதில் எழுத வேண்டாம்" என்று சேர்த்தது அதைவிடப் பெரிய உபகாரம். நன்றி மடலுக்கு ஆறு நாள் கழித்துப் பதில் எழுதுவதும் ஒரு வேலைதான், செய்யாவிட்டால் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஆகவே, ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்காகக் கொடுங்கள். எது உங்களுக்கு உதவியது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இனி நடக்க வேண்டியதைப் பற்றி அந்தக் குறிப்பில் மூச்சு விடாதீர்கள். வழு அறிக்கை அதற்கான இடத்தில் இருக்கட்டும், அங்கேயும் "நான் நன்கொடை கொடுத்தவன்" என்று வர வேண்டாம்.

துமி

எழுத்துருப்பித்தன் அண்ணா சொல்றது புரியுது, ஆனா முழுசா ஏத்துக்க முடியல. காசு கொடுக்கிறவருக்கு ஒரு எதிர்பார்ப்புமே இருக்கக் கூடாதுன்னா அது கொஞ்சம் அதிகமா தெரியலையா? நிரல் எழுதப் பயன்படுற விம் எடிட்டரையே எடுத்துக்கோங்க. பணம் கொடுத்தவங்க அடுத்து என்ன வசதி வேணும்னு ஓட்டுப் போடலாம்னு அதை எழுதின பிராம் மூலெனாரே ரொம்ப வருஷம் வெச்சிருந்தார். அதை யாரும் அநாகரிகம்னு சொல்லலையே.

முப்பரிமாணப் படம் செய்யுற பிளெண்டரும் அப்படித்தானே? 2002-ல ஏழே வாரத்துல ஒரு லட்சம் யூரோ திரட்டினாங்க. கொடுத்தவங்க எல்லாரும் "மூல நிரல் வெளிய வரும்"ங்கிற எதிர்பார்ப்புலதான் கொடுத்தாங்க. வந்துச்சு. எதிர்பார்ப்பு இருந்ததாலதான் அவ்வளவு பணம் சேர்ந்துச்சு.

எழுத்துருப்பித்தன்

துமி, நல்ல உதாரணங்கள். இரண்டிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது, கவனியுங்கள். நிபந்தனையைச் சொன்னது வாங்குகிறவர். "இவ்வளவு சேர்ந்தால் மூல நிரலை விடுவிக்கிறோம்" என்று பிளெண்டர் பக்கம்தான் முதலில் சொன்னார்கள். விம்மிலும் ஓட்டுமுறையை வைத்தவர் மூலெனார். அந்த ஓட்டுகூட ஒரு விருப்பக் கணக்குதான், எதை எப்போது செய்வது என்பது அவர் கையில்தான் இருந்தது. அதோடு விம்மைத் திறந்தாலே உகாண்டாவில் இருக்கும் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி வரும். நிரல் பிடித்திருந்தால் அங்கே கொடுங்கள் என்றுதான் அவர் பயனர்களைக் கேட்டுக்கொண்டார். 2023-இல் அவர் காலமான பிறகும் நான் அந்த வரியைப் பார்க்காமல் எடிட்டரைத் திறந்ததில்லை.

திட்டம் தானே ஒரு இலக்கை அறிவித்துப் பணம் கேட்டால், அந்த இலக்கை எதிர்பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பொதுவான நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டு நீங்களாக ஒரு நிபந்தனையைப் பின்னால் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வழுவேட்டை

இதுல பௌண்டி எங்க வருது? "இந்த வழுவைச் சரி பண்றவங்களுக்கு இவ்வளவு"ன்னு இஷ்யூ மேலேயே தொகை போடுறாங்களே.

எழுத்துருப்பித்தன்

திட்டம் கேட்டிருந்தால் போடலாம். கேட்காத இடத்தில் போட்டால் சங்கடம். எங்கிருந்தோ ஒருவர் வந்து அவசர அவசரமாக ஒரு புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போடுவார், தொகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதைப் படித்து, திருத்தம் சொல்லி, சோதனை எழுத வைத்து, பிறகு பல வருஷம் அந்த நிரலைச் சுமக்கிறவர் பராமரிப்பாளர். அவருக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஒரே வழுவுக்கு மூன்று பேர் போட்டி போட்டு வந்தால் நடுவராகவும் அவரே இருக்க வேண்டும்.

அடிக்குறிப்பு

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன், அது இன்னும் பேசப்படவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது: அவர்கள் வாங்குகிறார்களா? எல்லோரும் வாங்குவதில்லை. இணைய விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினை எழுதும் ரேமண்ட் ஹில் நன்கொடை வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எதைத் தடுப்பது என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்களைப் பராமரிக்கிறவர்களுக்குக் கொடுங்கள் என்கிறார். அதே நேரத்தில், ஏறக்குறைய அதே பெயரில் அவருக்குத் தொடர்பே இல்லாத ஒரு தளம் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல மனதோடு கொடுத்தவர்கள் பணம் தவறான இடத்துக்குப் போனது. தேடுபொறியில் வருகிற பக்கத்தை நம்பாமல், களஞ்சியத்தில் இருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள்.

வேண்டாம் என்று சொன்னவரை வற்புறுத்துவதும் மரியாதைக் குறைவுதான். "ஒரு சின்ன அன்பளிப்பு, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மின்னஞ்சலில் துரத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கும். வேலை ஒப்பந்தம் வெளி வருமானத்தை அனுமதிக்காமல் இருக்கலாம், வரிக் கணக்கு சிக்கலாகலாம், அல்லது யாருக்கும் கடன்படாமல் இருப்பதே அவருக்குப் பிடித்திருக்கலாம். காரணத்தைக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, தனிமனிதருக்கா, திட்டத்துக்கா? பெரிய திட்டங்களுக்குப் பணத்தை வாங்கி வைத்துக் கணக்குக் காட்டும் அமைப்புகள் இருக்கின்றன. டெபியன் என்ற இயங்குதளத்துக்கு வரும் நன்கொடையை 1997-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட் வாங்கிக்கொள்கிறது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், படம் வரையும் இங்க்ஸ்கேப் போன்றவற்றுக்குச் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி இருக்கிறது. அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அந்தப் பணம் சர்வர், சட்டம், நிர்வாகம் போன்றவற்றுக்குப் போகும். நிரல் எழுத யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. "நான் கொடுத்தது நிரலாளருக்குப் போகவில்லையே" என்று பிறகு வருத்தப்படாமல் இருக்க இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

தன்னார்வலர் குழுவுக்குள் பணம் நுழையும்போது யாருக்குப் போகிறது என்பது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு டெபியனே சாட்சி. 2006-இல் எட்ச் என்ற பதிப்பின் வெளியீட்டைச் சீக்கிரம் முடிக்க, வெளியீட்டு மேலாளர்கள் இரண்டு பேருக்கு மட்டும் சம்பளம் கொடுத்து முழு நேரமாக உட்கார வைக்கும் முயற்சி நடந்தது. டங்க்-டேங்க் என்று பெயர். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அதே வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்த மற்றவர்களுக்கு "அப்போது நாங்கள் யார்?" என்ற கேள்வி வந்துவிட்டது. சிலர் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் வர வேண்டிய வெளியீடு 2007 ஏப்ரலில்தான் வந்தது. தாமதத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் சண்டையின் மனக்கசப்பு நிஜம்.

மூன்றே பேர் இருக்கும் திட்டத்தில் இது இன்னும் உறைக்கும். நிரல்வாசி, நீங்கள் கமிட் செய்யும் அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்பினால், அவர் அதை மற்றவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்று தவிக்க வேண்டிவரும்.

நிரல்வாசி

அதேதான் என் தயக்கமும். ஆரம்பித்தவர் பக்கத்துக்கு அனுப்பினால் உழைக்கிறவர்களுக்குப் போகவில்லை. உழைக்கிறவர்களுக்கு நேரே அனுப்பினால் குழுவுக்குள் பிளவு. பேசாமல் இஷ்யூ ஒன்று திறந்து "பணம் யாருக்குப் போகிறது?" என்று கேட்டுவிடலாமா?

அடிக்குறிப்பு

வேண்டாம். பொது இடத்தில் கேட்டால் அது குற்றச்சாட்டாகத்தான் விழும், நீங்கள் எவ்வளவு பணிவாக எழுதினாலும். கீழே நாலு பேர் வந்து "ஆமாம், எனக்கும் சந்தேகம்" என்பார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் எழுதுங்கள்: "உங்கள் நிரலுக்குச் சிறு தொகை கொடுக்க விரும்புகிறேன். திட்டமாக எந்த வழியில் வாங்கிக்கொள்வது உங்களுக்கு வசதி?" அவ்வளவுதான். யார் எவ்வளவு கமிட் செய்கிறார்கள் என்ற கணக்கை அதில் இழுக்காதீர்கள். ஆரம்பித்தவர் டொமைன், சோதனை சர்வர், விண்டோஸ் நிறுவிக்கான கையொப்பச் சான்றிதழ், ஆப்பிள் டெவலப்பர் சந்தா எல்லாவற்றுக்கும் கைக்காசு போடுகிறவராகவும் இருக்கலாம். கமிட் பட்டியலில் அது தெரியாது.

துமி

இங்க நான் மாறுபடுறேன். பொதுப் பணம்னா பொதுவுல கேட்கலாம். ஓப்பன் கலெக்டிவ்ங்கிற நன்கொடைத் தளத்துல வரவும் செலவும் யார் வேணும்னாலும் பார்க்கலாம், அப்படி வெச்சிருக்கிற திட்டங்கள் மேலதான் எனக்கு நம்பிக்கை வருது. கணக்குக் கேட்டா சங்கடப்படுவாங்கன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டா அப்புறம் கணக்கே இருக்காது.

அடிக்குறிப்பு

திட்டத்தின் பெயரில் திரட்டினால் கணக்குக் காட்ட வேண்டும், அதில் உங்களோடு நான் ஒன்றுபடுகிறேன். மின்னஞ்சல் நிரலான தண்டர்பேர்டு வருஷா வருஷம் அறிக்கை போடுகிறது. 2022-இல் 64 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வந்ததைச் சொன்னார்கள், எதற்குச் செலவாகிறது என்றும் சொன்னார்கள். அத்தனை பெரிய தொகைக்கு அது கடமை. ஆனால் ஒருவருடைய சொந்த ஸ்பான்சர் பக்கத்தில் நாலு பேர் போடும் சில்லறைக்கு அறிக்கை கேட்டால், அவர் பக்கத்தையே மூடிவிடுவார். தொகைக்கும் பெயருக்கும் தக்கபடி கேளுங்கள்.

வரவுசெலவு

கணக்கு வேலை பார்க்கிறவன் என்பதால் பணம் போகிற வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அட்டை வழியாகப் பணம் போகும்போது பெரும்பாலும் இரண்டு கட்டணம் பிடிப்பார்கள். ஒன்று சதவீதம், இன்னொன்று தொகை எதுவானாலும் மாறாத ஒரு நிலைத்தொகை. மாதா மாதம் மிகச் சின்னத் தொகை அனுப்பினால் அந்த நிலைத்தொகை பன்னிரண்டு தடவை போகும். அதே பணத்தை வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஒரு தடவைதான். வாங்குகிறவருக்கு மாத வரவு என்றால் திட்டமிட வசதி என்பது உண்மை. ஆனால் தொகை பொடியாக இருந்தால் வருஷக் கணக்கே மேல்.

தளத்துக்குத் தளம் வித்தியாசம் உண்டு. கிட்ஹப் என்ற களஞ்சியத் தளத்தில் 2019-இல் வந்த கிட்ஹப் ஸ்பான்சர்ஸ், தனிநபர் கணக்கிலிருந்து கொடுத்தால் தனக்கென்று எதுவும் எடுப்பதில்லை. ஓப்பன் கலெக்டிவ் தளத்தில் திட்டங்களுக்காகப் பணத்தை வாங்கி வைக்கும் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் பத்து சதவீதம் எடுக்கிறது. அதற்குப் பதிலாக வங்கிக் கணக்கு, ரசீது, வரிப் படிவம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்று தன்னார்வலர்கள் தாங்களே ஒரு அமைப்பைப் பதிவு செய்து நடத்துவதோடு ஒப்பிட்டால் அந்தப் பத்து சதவீதம் நியாயம் என்பேன். லிபராபே என்ற நன்கொடைத் தளம் பங்கே எடுப்பதில்லை, தன் செலவுக்கும் அதே தளத்தில் நன்கொடைதான் வாங்குகிறது. மேலே நடந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒன்று அங்கே இருக்கிறது: கொடுக்கும் பணத்துக்கு ஒப்பந்தமோ பரிசு வாக்குறுதியோ இணைக்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

தனிமனிதருக்குக் கொடுத்தால் பெரும்பாலான நாடுகளில் உங்களுக்கு வரிவிலக்கு கிடைக்காது, அவருக்கோ அது வருமானமாகக் கணக்காகும். அவரிடம் போய் "வரிவிலக்கு ரசீது கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். கொடுத்துவிட்டு வங்கியில் தகராறு போட்டுப் பணத்தைத் திரும்ப இழுப்பதும் கூடாது. அதற்கு அபராதக் கட்டணம் விழுவது வாங்கினவர் தலையில். மனம் மாறினால் அவருக்கே எழுதுங்கள், திருப்பித் தருவார்.

இன்னொன்று. சில நாடுகளில் இருக்கும் நிரலாளர்களுக்கு இந்தத் தளங்கள் எதுவுமே வேலை செய்யாது, தடை உத்தரவோ வங்கி விதியோ குறுக்கே நிற்கும். அவர்கள் நன்கொடைப் பக்கம் வைக்கவில்லை என்றால் தேவையில்லை என்று அர்த்தமில்லை.

கிளைநதி

நான் படித்துக்கொண்டிருக்கிறேன், கையில் பணம் இல்லை. எனக்கும் இந்தக் குற்றவுணர்வு இருக்கிறது. என்ன செய்யலாம்?

எழுத்துருப்பித்தன்

தங்கச்சி, முதலில் குற்றவுணர்வை விடு. இலவசமாகப் பயன்படுத்து என்று நாங்கள்தானே உரிமத்தில் எழுதி வைத்திருக்கிறோம்? அதை நம்பிப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை.

செய்ய ஆசையிருந்தால் ஒன்று சொல்கிறேன். திறந்து கிடக்கும் பழைய வழு அறிக்கைகளை எடுத்து, புதிய பதிப்பில் இன்னும் வருகிறதா என்று ஓட்டிப் பார்த்து, "இந்தப் பதிப்பில், இந்தக் கோப்போடு, இந்தப் படியில் இன்னும் வருகிறது" அல்லது "இப்போது வரவில்லை" என்று எழுது. என் களஞ்சியத்தில் ஒருவர் சத்தமில்லாமல் இதைச் செய்தார். அவர் ஒரு வாரத்தில் மூட வைத்த இஷ்யூக்களை நான் தனியாக மூட மாதக் கணக்காகியிருக்கும். எந்த நன்கொடையும் எனக்கு அப்படி மூச்சு விட இடம் கொடுத்ததில்லை.

பழையகைப்பிடி

நிரல்வாசி கடைசியில் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போன விஷயத்தைத்தான் நான் பேச வந்தேன். "எங்கள் அலுவலகத்திலும் ஓடுகிறது, ஒரு காசு கொடுத்ததில்லை."

தனிமனிதர்களாகிய நாம் எப்படிக் கொடுப்பது என்று இவ்வளவு நுணுக்கமாகக் கவலைப்படுகிறோம். கொடுக்க வேண்டியவர்கள் கவலைப்படுவதே இல்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது தெரியவந்தது என்ன? உலகத்து இணையதளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. முழு நேரமாக ஒரே ஒருவர். செய்தி வந்ததும் சாதாரண மக்கள் ஐந்தும் பத்துமாக அனுப்பி ஏறக்குறைய 9,000 டாலர் சேர்ந்தது. அந்த அறக்கட்டளையை நடத்திய ஸ்டீவ் மார்க்வெஸ் அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, இது உங்களிடமிருந்து வர வேண்டிய பணமே இல்லை, இதை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்களும் அரசுகளும் கொடுக்க வேண்டியது என்ற பொருளில் எழுதினார். எனக்கு அன்று சுருக்கென்றது, இன்றும் அப்படித்தான்.

அடுத்த வருஷமே, மின்னஞ்சலையும் கோப்பையும் மறையாக்கும் ஜிஎன்யூபிஜி. வெர்னர் கோக் ஏறக்குறைய ஒற்றை ஆளாக அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார், பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று 2015 பிப்ரவரியில் ஒரு கட்டுரை வந்த பிறகுதான் ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். செய்தி வராமல் போயிருந்தால்? ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத் திட்டம் 2014 தொடக்கத்தில் மின்சாரக் கட்டணத்துக்கு 20,000 டாலர் இல்லை என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அவர்கள் கொடுத்தது. அது ஓடாத சர்வர் அறை எங்கே இருக்கிறது?

நிறுவனங்கள் கேட்கும் தோரணையும் வேறு. 2022 ஜனவரியில், இணையம் வழியே தரவை அனுப்பவும் எடுக்கவும் உதவும் கர்ல் நிரலை எழுதும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. லாக்4ஜே நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை உங்கள் பொருளில் இருக்கிறதா, 24 மணி நேரத்துக்குள் பதில் தேவை என்று. அவரோடு எந்த ஒப்பந்தமும் கிடையாது, காசும் கொடுத்ததில்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். அதுதான் சரியான பதில்.

அந்த அழுத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் பார்த்தோம். மனநலப் பிரச்சினையோடு போராடிக்கொண்டு, சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் இது என்று எழுதிய அதன் பராமரிப்பாளரை, ஏன் வேகமாக வெளியீடு வரவில்லை என்று முகம் தெரியாதவர்கள் 2022-இல் நச்சரித்தார்கள். உதவ வந்தவர்போல் நுழைந்த ஒருவர் கையில் பொறுப்பு போனது. 2024 மார்ச்சில், நிரலுக்குள் மறைத்து வைத்த பின்வாசல் (கள்ள நுழைவழி) பிடிபட்டது. அதுவும் உள்நுழைவு கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று ஒரு நிரலாளர் விடாமல் துருவியதால்.

எனவே என் பதில்: நீங்கள் உங்கள் பணத்தைக் கொடுங்கள், நல்லது. ஆனால் அதைவிட, அலுவலகத்தில் வாயைத் திறங்கள்.

துமி

பழையகைப்பிடி ஐயா சொன்னது சரி. நிறுவனத்துக்கு எதிர்பார்ப்பு இருக்கும், அதை ஒப்பந்தமா எழுதிக் காசு கொடுத்தா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. நான் ஆரம்பத்துல கேட்டதுக்கு இதுதான் பதில்னு நினைக்கிறேன். வேலை ஆகணும்னா விலை பேசணும், நன்கொடைங்கிற பேர்ல வேலை வாங்கக் கூடாது.

வழுவேட்டை

ஒரு சந்தேகம். நான் ஒரு கட்டளைவரிக் கருவிக்கு மாசா மாசம் கொடுத்துட்டு வர்றேன். ரொம்ப நாளா வெளியீடே இல்ல. நிறுத்தலாமா? நிறுத்தினா சொல்லிட்டு நிறுத்தணுமா?

எழுத்துருப்பித்தன்

அந்தக் கருவி இன்னும் வேலை செய்கிறதா? செய்கிறது என்றால் வெளியீடு வராதது குறையே இல்லை. சில நிரல்கள் முடிந்துபோனவை, தொடாமல் விடுவதுதான் நல்ல பராமரிப்பு. அதே நேரம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், விளக்கம் தேவையில்லை. நிறுத்தும் முன் "இத்தனை நாள் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை, அதனால் நிறுத்துகிறேன்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வரி, அதுவரை கொடுத்ததன் இனிமையை எல்லாம் துடைத்துவிடும். பேசாமல் நிறுத்துங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நன்றி என்று மட்டும் எழுதுங்கள்.

நிரல்வாசி

எல்லோருக்கும் நன்றி. அடிக்குறிப்பு சொன்னபடியே மூன்று பேருக்கும் சேர்த்து எழுதினேன், வழு அறிக்கையைத் தொடவில்லை. பதில் வந்திருக்கிறது.

ஸ்பான்சர் பக்கத்துக்கு வரும் பணம் சோதனை சர்வருக்கும் சான்றிதழுக்கும் போகிறதாம், மூன்று பேரும் பேசி முடிவு செய்ததுதானாம். மற்ற இருவரும் தங்களுக்கென்று எதுவும் வேண்டாம் என்கிறார்கள். தங்கள் நிரல் ஒரு பட நூலகத்தை நம்பி ஓடுவதாகவும், அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு யாருமே கொடுப்பதில்லை என்றும் சொல்லி, அவருடைய லிபராபே பக்கத்தைத் தந்தார்கள். அந்த நூலகத்தின் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பாதி இங்கே, பாதி அங்கே, வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன்.

இனி அலுவலகம். மேலாளரிடம் எப்படி ஆரம்பிப்பது?

வரவுசெலவு

நன்கொடை என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தலைப்பில் பல நிறுவனங்களில் செலவுக்கணக்கே இருக்காது, விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும். மென்பொருள் ஆதரவுச் செலவு என்று போங்கள். இந்த நிரல் எந்தெந்த வேலைக்கு ஓடுகிறது, நாளைக்கு நின்றால் எது நிற்கும் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். கணக்குப் பிரிவுக்கு பில் வேண்டும், அதை அந்த மூன்று பேரிடம் கேட்டு அலைக்கழிக்காதீர்கள். முடிந்தால் ஓப்பன் கலெக்டிவ் போல் பில் கொடுக்கக்கூடிய வழியை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், கட்டணத்தை நிறுவனம் ஏற்றுக்கொள்ளட்டும். வெண்டர் பதிவுப் படிவம், பாதுகாப்புக் கேள்வித்தாள் எதையும் அவர்களுக்கு அனுப்பவிடாமல் நீங்களே தடுத்து நிறுத்த வேண்டும். பில்லில் வழு எண் எதுவும் வரக் கூடாது.

பழையகைப்பிடி

அதோடு அந்தப் பட நூலகத்தையும் அரைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.